14 படிகளும் ஒரு தும்மலும்

தியேட்டரில் ஒருவன் இசை நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறான். தும்மல் வருகிறது, தும்முகிறான். முன்னால் உட்கார்ந்திருந்த கிழவர் கையுறையால் தன் வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொள்கிறார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்தக் கிழவர் போக்குவரத்து இலாகாவில் ஒரு 'ஜெனரல்'. தும்மியவன் அங்கேயே மன்னிப்புக் கேட்கிறான், இடைவேளையில் மறுபடியும் கேட்கிறான், மறுநாள் அவர் அலுவலகத்துக்கே போய்க் கேட்கிறான், அதற்கு அடுத்த நாளும் போகிறான், கடைசியில் அவர் பொறுமை போய் "வெளியே போ!" என்று கத்த, வீட்டுக்கு வந்து, சீருடையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்து, செத்துப்போகிறான்.

1883ல் அந்தோன் செகாவ் எழுதிய கதை இது. தும்மியவன் பெயர் செர்வியாகோவ். ருஷ்ய மொழியில் செர்வ்யாக் என்றால் புழு. கல்லூரிக் காலத்தில் முதல் தடவை படித்தபோது எனக்குக் கதை சட்டென்று புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்: கொடுமைக்கார மேலதிகாரி, பாவப்பட்ட குமாஸ்தா, அடக்குமுறை, சாவு. பல வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் படித்தால், அந்த ஜெனரல் இவனுக்கு மேலதிகாரியே இல்லை. 'என்னுடைய அதிகாரி இல்லை, வேறு இலாகாக்காரர்' என்று செர்வியாகோவே மனசுக்குள் சொல்லிக்கொள்கிறான். ஜெனரலும் ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் 'பரவாயில்லை, விடுங்கள்' என்றுதான் சொல்கிறார். அப்படியென்றால் இவனைக் கொன்றது யார்?

இதற்குப் பதில் கதைக்குள் இல்லை. 1722ம் வருஷம் ஜனவரி 24ம் தேதி ருஷ்யப் பேரரசர் மகா பீட்டர் கையெழுத்துப் போட்ட ஒரு உத்தியோகப் படிப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் செகாவையும் அவருக்கு முந்தைய ருஷ்ய எழுத்தாளரான கோகோலையும் படிக்கலாம், சிரிக்கவும் செய்யலாம். ஆனால் பாதி இடத்தில் தப்பான ஆளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம்.

பீட்டரின் நோக்கம் நல்லதுதான். பிரபு வீட்டில் பிறந்துவிட்ட ஒரே காரணத்துக்காக ஒருவன் தலைமேல் உட்காரக் கூடாது, அரசாங்கத்துக்கு உழைத்து மேலே வரட்டும் என்று நினைத்தார். படை, சிவில், அரண்மனை என்று மூன்று பத்திகள், ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே 14 படிகள். எழுத்து வேலை பார்க்கிற குமாஸ்தா 14வது படியில் தொடங்கலாம். சிவில் உத்தியோகத்தில் 8வது படிக்கு வந்துவிட்டால் அவனும் அவன் வாரிசுகளும் பரம்பரைப் பிரபுக்கள். தையல்காரன் பேரனும் பிரபு ஆகலாம் என்பது அந்தக் காலத்துக்குச் சின்ன விஷயமில்லை. அப்புறம் என்ன ஆயிற்று என்றால், ஏறுகிற கூட்டம் அதிகமானதும் வாசலைத் தூக்கி மேலே வைத்தார்கள். 1845ல் சிவில்காரர்களுக்குப் பரம்பரைப் பிரபுத்துவம் 5வது படியில்தான் என்றானது, 1856ல் 4வது படி. இத்தனைக்கும் ஏறுவதற்குத் திறமை பெரிதாக வேண்டியதில்லை. நாற்காலியில் சில வருஷம் தேய்த்தால் பெரும்பாலும் அடுத்த படி தானாக வந்துவிடும்.

படிகளின் பெயர்கள் இன்னொரு கூத்து. 14வது படிக்காரன் 'கொலேஜிய ரெஜிஸ்ட்ரார்'. ஏதோ கல்லூரிப் பதிவாளர் போலிருக்கிறது, படித்த மனிதர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று நான் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். கல்லூரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பீட்டர் காலத்து அரசு இலாகாக்களுக்குக் 'கொலேஜியா' என்று பெயர், அதிலிருந்து வந்தது. 1802ல் அமைச்சகங்கள் வந்து கொலேஜியாக்கள் காலாவதியாகத் தொடங்கின. ஆனாலும் பதவிப் பெயர் மட்டும் 1917 வரைக்கும் ஓடியது. அதாவது செகாவ் கதையில் ஒருவன் 'நான் கொலேஜிய அசெசர்', அதாவது 8வது படி, என்று நெஞ்சை நிமிர்த்தும்போது, செத்துப் பல தலைமுறை ஆன ஒரு அலுவலகத்தின் பெயரைச் சொல்லித்தான் நிமிர்த்துகிறான். இந்தச் சிரிப்பைச் செகாவ் எழுதவே இல்லை, அரசாங்கமே எழுதி வைத்திருந்தது.

ஒவ்வொரு படிக்கும் விளிக்கும் முறை சட்டத்திலேயே உண்டு. 14லிருந்து 9 வரை ஒரு மரியாதை, 8லிருந்து 6 வரை அதற்கு மேல், 5க்குத் தனியாக ஒன்று, 4க்கும் 3க்கும் 'மேதகையீர்' மாதிரி ஒன்று, 2க்கும் 1க்கும் அந்த மேதகையீருக்கே முன்னால் 'உயர்' சேர்த்த ஒன்று. அடிமட்டத்தில் இருக்கிற கொலேஜிய ரெஜிஸ்ட்ராரைக்கூட 'நற்குடிப் பிறப்பே' என்ற பொருளில்தான் கூப்பிட வேண்டும், அவன் அப்பா மீன் விற்றவராக இருந்தாலும். சிவில் 4வது படி படையில் மேஜர் ஜெனரலுக்குச் சமம் என்பதால் அந்தப் படியிலும் அதற்கு மேலேயும் இருந்தவர்களை ஊரே ஜெனரல் என்றது. செர்வியாகோவ் தும்மிய ஜெனரல் வாளைப் பார்த்தவர் இல்லை, கோப்பைப் பார்த்தவர்.

ஏணி உண்மையிலேயே வேலையும் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அஸ்த்ரகானில் ஒரு தையல்காரரின் மகனாகப் பிறந்த இல்யா உல்யானவ், சிம்பீர்ஸ்க் மாகாணப் பள்ளிகளின் இயக்குநராகி 4வது படி வரை வந்து பரம்பரைப் பிரபு ஆனார். அவருடைய மகன்தான் லெனின். 1917 நவம்பரில் சிவில் படிகளை மொத்தமாக ஒழித்த ஆணையில் அந்த மகனின் கையெழுத்து இருக்கிறது.

சரி, கோகோலுக்கு வருவோம். அவருக்கு முன்னாலேயே, 1831ல், கவிஞர் புஷ்கின் ஒரு தபால் குதிரை நிலையப் பொறுப்பாளரைப் பற்றி எழுதும்போது, 14ம் படித் தியாகி, படி இருப்பதால் அடி உதையிலிருந்து மட்டும் பாதுகாப்பு, அதுவும் எப்போதும் இல்லை என்கிற மாதிரி ஒரு வரி போட்டிருந்தார். அது பரிவு. கோகோலிடம் பரிவு கொஞ்சம் கோணலாகத்தான் வரும். 1836ல் புஷ்கினே நடத்திய பத்திரிகையில் வந்த 'மூக்கு' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு ஒரு மாஸ்கோப் பத்திரிகை மட்டமான கதை என்று அதைப் போட மறுத்திருந்தது. மார்ச் 25 காலையில் ஒரு நாவிதர் ரொட்டியை வெட்டினால் உள்ளே ஒரு மூக்கு. அதே காலையில், அவரிடம் வழக்கமாகச் சவரம் செய்துகொள்ளும் கவல்யோவ் கண்ணாடியைப் பார்த்தால் மூக்கு இருந்த இடம் தோசைக்கல் மாதிரி வழவழப்பு.

இதை ஏதோ மாயக் கதை, கனவுக் கதை என்று விளக்குவோர் நிறைய. விளக்கட்டும். ஆனால் அந்தக் காலத்துப் பீட்டர்ஸ்பர்க் வாசகனுக்கு முதலில் கண்ணில் பட்டிருக்கக்கூடியது எண்கள். கவல்யோவ் கொலேஜிய அசெசர், 8வது படி. அது படையில் மேஜருக்குச் சமம். ஆகவே அவன் எல்லோரிடமும் தன்னை 'மேஜர்' என்றே சொல்லிக்கொள்கிறான். சிவில்காரர்கள் படைப் பட்டம் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தடையே இருந்தது, அதனால் என்ன? அதுவும் இவன் காகஸஸ் போய் அசெசர் ஆனவன் என்று கோகோல் போகிற போக்கில் சொல்வார், நாமும் போகிற போக்கில் தாண்டிவிடுவோம். அங்கேதான் குத்து இருக்கிறது. 1809ல் ஒரு ஆணை: 8வது படிக்கு வர வேண்டுமானால் பல்கலைக்கழகச் சான்றிதழ் வேண்டும், இல்லையேல் பரீட்சை எழுத வேண்டும். குமாஸ்தா உலகமே ஆடிப்போனது. ஆனால் காகஸஸில் வேலை பார்த்தால் அந்தப் பரீட்சை தேவையில்லை. ஆக 'காகஸஸ் அசெசர்' என்றால் குறுக்கு வழியில் வந்தவன் என்று அர்த்தம். பின்கதவு வழியாக 8வது படிக்கு வந்தவன், முன்வாசலில் மேஜர் என்று பலகை மாட்டிக்கொள்கிறான்.

இப்போது மூக்கைப் பாருங்கள். அது தங்கச் சரிகைச் சீருடை போட்டுக்கொண்டு கோச்சு வண்டியில் ஊரைச் சுற்றுகிறது. இறகு வைத்த தொப்பியைப் பார்த்துக் கவல்யோவ் கணக்குப் போடுகிறான்: இது அரசு ஆலோசகர், 5வது படி. தன் முகத்திலிருந்து போன மூக்கு தன்னைவிட மூன்று படி மேலே! பறித்து மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியவன், கிட்டே போகவே தயங்கித் தயங்கி, தொண்டையைச் செருமி, மரியாதையாகப் பேச்சு கொடுக்கிறான். மூக்கு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் பொத்தான்களைப் பார்த்தால் நீங்கள் வேறு இலாகா போலத் தெரிகிறது, நமக்குள் நெருங்கிய உறவு எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்கிறது. 1834ல்தான் பேரரசர் முதலாம் நிக்கலாய் சிவில் சீருடைகளுக்கு விரிவான சட்டம் போட்டிருந்தார், எந்த இலாகாவுக்கு எந்தப் பொத்தான், எவ்வளவு சரிகை என்பது உட்பட. (1837ல் சிவில் அதிகாரிகள் மீசை வைக்கக் கூடாது என்றும் ஆணை வந்தது. கோகோலின் கற்பனை ரொம்ப ஓவர் என்று சொல்பவர்கள் அரசாங்கத்தின் கற்பனையைப் பார்ப்பதில்லை.)

கதையில் தொழில்காரர்கள் வருகிற இடம் எனக்கு இன்னும் பிடிக்கும். மூக்கைக் காணோம் என்று விளம்பரம் கொடுக்கப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருக்கிற குமாஸ்தா மறுத்துவிடுகிறார். காரணம், பத்திரிகையின் பெயர் கெட்டுவிடுமாம். போன வாரம் இப்படித்தான் ஒருத்தர் கறுப்பு நாய் ஓடிப்போனது என்று விளம்பரம் கொடுத்தார், பார்த்தால் அந்த நாய் ஏதோ அலுவலகத்தின் காசாளர், ஒரே வம்பாகிவிட்டது என்கிறார். பிறகு ஆறுதலாக, மூக்கில்லாதவனிடம் பொடி டப்பாவை நீட்டுகிறார். டாக்டர் இன்னும் மேல். மூக்கு இருந்த இடத்தில் ஒரு சுண்டு சுண்டிப் பார்த்துவிட்டு, இப்படியே விட்டுவிடுவது நல்லது, அந்த மூக்கைச் சாராயத்தில் போட்டு வையுங்கள், நல்ல விலை கிடைக்கும், அதிகம் கேட்காவிட்டால் நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். இவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. தன் தொழில் எவ்வளவு கண்ணியமானது என்பதில் அவ்வளவு மூழ்கிப்போனவர்கள், எதிரே நிற்பவனுக்கு மூக்கு இல்லை என்பது அவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல்.

ஏப்ரல் 7 காலை மூக்கு தானாகவே முகத்துக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு வாரம் நரகத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் திருந்தியிருப்பான் என்று நினைப்போம். கதை முடியும்போது கவல்யோவ் கடையில் ஒரு பதக்க ரிப்பன் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பதக்கம் எதுவும் கிடையாது.

கோகோல் இதையெல்லாம் வெளியே நின்று பார்த்து எழுதியவர் இல்லை. பீட்டர்ஸ்பர்க்கில் 1829 முதல் 1831 வரை அவரும் ஒரு சின்னக் குமாஸ்தா. அப்புறம் வரலாற்றுப் பேராசிரியர் ஆக ஆசை வந்தது. கீவ் பல்கலைக்கழகத்தில் முயன்றார், கிடைக்கவில்லை. பல தொகுதிகளில் வரலாறு எழுதப்போவதாக நண்பர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தார், வரவில்லை. கடைசியில் 1834ல் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அப்போது அங்கே மாணவராக இருந்த நாவலாசிரியர் துர்கேனெவ் பின்னாளில் எழுதியிருக்கிறார்: மூன்று வகுப்பு என்றால் இரண்டுக்கு வர மாட்டார், பரீட்சை நாளில் பல்வலி என்று முகத்தைச் சுற்றித் துணியைக் கட்டிக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார், கேள்வியெல்லாம் வேறு பேராசிரியர் கேட்டார். 1835ல் வேலையை விட்டார். முகத்தில் ஏதோ குறை வந்து ஊரின் முன்னால் ஒளிந்துகொள்கிற ஒருவனைப் பற்றி அடுத்த வருஷம் கதை வெளிவருகிறது. ரெண்டையும் நான் முடிச்சுப் போடவில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், அவ்வளவுதான்.

1842ல் வந்த 'மேல்கோட்டு' எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆண்டுக்கு 400 ரூபிள் சம்பளம் வாங்கும் அக்காக்கி அக்காக்கியெவிச் பட்டினி கிடந்து கோட்டு வாங்குகிறார், திருடு போகிறது. எல்லோரும் அவருக்காக அழுவார்கள், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அங்கதம் இருப்பது அவரைத் திட்டித் துரத்துகிற 'முக்கியப் புள்ளி'யிடம். அவர் அடிப்படையில் நல்ல மனிதர். ஜெனரல் படி வந்ததும் தலை சுற்றிப்போகிறது. புதுப் பதவிக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே அறைக்குள் தனியாகக் கண்ணாடி முன் நின்று அதட்டிப் பேசிப் பழகியிருக்கிறார். யோசித்துப் பார்த்தால், அக்காக்கியைத் திட்டும்போதும் அவர் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் நிற்கிற பழைய நண்பனுக்குத் தன் குரல் எப்படிக் கேட்கிறது என்று ஓரக்கண்ணால் ஒரு நோட்டம் வேறு.

செகாவ் வரும்போது இந்தச் சரக்கு கிட்டத்தட்டத் தேய்ந்துபோயிருந்தது. ஏழைக் குமாஸ்தா கதை என்பது ஒரு தொழிற்சாலை. மாஸ்கோவில் மருத்துவம் படித்துக்கொண்டே குடும்பத்தை ஓட்ட எழுதிய செகாவுக்கு, பீட்டர்ஸ்பர்க்கில் லேய்கின் நடத்திய 'அஸ்கோல்கி' என்ற நகைச்சுவை வார இதழ் வரிக்கு 8 கோபெக் கொடுத்தது. சுமார் 100 வரிக்கு மேல் போகக் கூடாது என்பது ஆசிரியரின் கண்டிப்பு. இந்த நெருக்கடியில் படிப் பெயர்கள் ஒரு வரப்பிரசாதம். 'கொலேஜிய ரெஜிஸ்ட்ரார்' என்று எழுதிவிட்டால் போதும், அவன் சட்டைக் காலர், வீட்டு வாடகை, யாரைக் கண்டால் குனிவான், யார் அவனைக் கண்டால் குனிவார்கள் எல்லாம் வாசகனுக்குத் தெரியும். இன்றைய நமக்குத் தெரியாது. அந்தக் கதைகளில் நமக்கு 'வெறும் தகவல்' மாதிரித் தெரிகிற சொல்தான் பல இடங்களில் வெடி.

'பருத்தவனும் மெலிந்தவனும்' அதற்கு நல்ல சாட்சி. 1883ல் எழுதியது. ரயில் நிலையத்தில் பால்ய நண்பர்கள் இரண்டு பேர் பல வருஷம் கழித்துச் சந்திக்கிறார்கள். கட்டிப்பிடிக்கிறார்கள், மூன்று முறை முத்தம், கண்ணில் நீர். ஒல்லியான பர்ஃபீரி மூச்சு விடாமல் பேசுகிறான்: இது என் மனைவி, இது என் மகன், பள்ளிக்கூடத்தில் உன்னை என்ன பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டோம் ஞாபகமிருக்கிறதா, நான் கொலேஜிய அசெசர் ஆகி இரண்டாவது வருஷம், ஸ்தனிஸ்லாவ் பதக்கம் இருக்கிறது, சம்பளம்தான் போதவில்லை, மரத்தில் சிகரெட் பெட்டி செய்து ஒரு ரூபிளுக்கு விற்கிறேன், பத்துப் பெட்டியோ அதற்கு மேலோ எடுத்தால் குறைத்துக் கொடுப்பேன். நீ என்னவாக இருக்கிறாய் மீஷா, 5வது படி வந்திருப்பாயா? 'இன்னும் மேலே போ' என்கிறான் பருத்தவன். அந்தரங்க ஆலோசகர். 3வது படி.

அங்கே நடப்பதைப் படித்தால்தான் ருசி. ஒல்லியன் வெளிறிப்போய்க் கல்லாகிறான், பிறகு முகமெல்லாம் இளித்து, உடம்பே குறுகுகிறது. அவன் மூட்டை முடிச்சுகளும் பெட்டிகளும்கூடச் சுருங்குகின்றன. மனைவியின் நீண்ட முகவாய் இன்னும் நீள்கிறது. மகன் விறைப்பாக நின்று சீருடைப் பொத்தான் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்கிறான். 'மேதகையீர், ஹி ஹி' என்று தொடங்கி, ஒரு நிமிஷம் முன்பு அறிமுகப்படுத்திய மனைவியையும் மகனையும் மறுபடி முதலிலிருந்து அறிமுகப்படுத்துகிறான். போதும்பா, நாம் சின்ன வயசு சிநேகிதர்கள், எதற்கு இந்தப் பதவி பூஜை என்று பருத்தவன் சொல்லிப் பார்க்கிறான். ஒல்லியன் கேட்பதாக இல்லை. அந்த முகத்தில் வழிந்த பக்தியைப் பார்த்துப் பருத்தவனுக்குக் குமட்டுகிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறான். அவர்கள் மூன்று பேருக்கும் கடைசியில் ஒரே மகிழ்ச்சி.

இந்தக் கதையின் முதல் வடிவம் வேறு மாதிரி. பத்திரிகையில் வந்தபோது பருத்தவன்தான் ஒல்லியனின் புதிய மேலதிகாரி. ஒல்லியன் அது தெரியாமல், என் புது அதிகாரி ஒரு மிருகமாம், உன் குடும்பப் பெயர்தானாம் அவருக்கும் என்று உளறிவிடுகிறான், மாட்டிக்கொள்கிறான், வேலையில் சேரத் தாமதம் என்று திட்டும் வாங்குகிறான். சிரிப்புத் துணுக்காக அது கச்சிதம். 1886ல் தொகுப்புக்காகத் திருத்தியபோது செகாவ் அந்த மேலதிகாரி முடிச்சை முழுக்க அறுத்துவிட்டார். உளறல் இல்லை, திட்டு இல்லை, பயப்படக் காரணமே இல்லை. ஒல்லியன் குனிந்தால் அது முழுக்க அவன் சொந்தச் செலவு. ஒரு எழுத்தாளர் தன் கதையில் எதை வெட்டுகிறார் என்பதை வைத்து அவர் மனசைப் படிக்கலாம் என்றால், இந்த வெட்டு ஒன்றே எனக்குப் போதும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அதே 1886 ஜனவரி 4ம் தேதி தன் அண்ணன் அலெக்சாந்தருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. அண்ணன் சுங்க இலாகா ஊழியர், கதையும் எழுதுவார். உன் ஒடுக்கப்பட்ட கொலேஜிய ரெஜிஸ்ட்ரார்களை விட்டுத் தொலை, அந்த விஷயம் செத்துப்போய்விட்டது, கொட்டாவிதான் வருகிறது, இப்போதெல்லாம் மேதகையீர்களை வாழ விடாமல் படுத்துகிற ரெஜிஸ்ட்ரார்களை எழுதுவதுதான் நிஜத்துக்குப் பக்கம் என்பது அதன் சாரம். செர்வியாகோவ் கதையை இந்தக் கடிதத்தோடு வைத்துப் படியுங்கள். பாவம் அந்த ஜெனரல். நிம்மதியாக ஒரு நாடகம் பார்க்க விட்டானா?

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் மற்றக் கதைகளும் தெளிவாகிவிடும். 'சந்தோஷம்' என்று ஒரு குட்டிக் கதை, அதுவும் 1883தான். நடு இரவு 12 மணிக்கு மீத்யா குல்தாரவ் வீட்டுக்கு ஓடி வந்து தூங்குகிறவர்களை எல்லாம் எழுப்புகிறான். பத்திரிகையில் என் பெயர் வந்துவிட்டது, இனி ருஷ்யா முழுக்க என்னைத் தெரியும்! அப்பாவை உரக்கப் படிக்கச் சொல்கிறான். செய்தி: கொலேஜிய ரெஜிஸ்ட்ரார் குல்தாரவ் பீர் கடையிலிருந்து போதையில் வெளியே வந்து, வழுக்கி விழுந்து, பனிவண்டிக் குதிரையின் காலடியில் சிக்கினார், பிடரியில் அடி. கேட்டு முடித்ததும் சின்னம் வைத்த தொப்பியை மாட்டிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் காட்ட ஓடுகிறான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம் பழமொழி சொல்லும், இங்கே ராத்திரியும் இருக்கிறது, குடைக்குப் பதில் தொப்பி.

படிக்கு அடுத்தது பதக்கம். அதிலும் வரிசை உண்டு: ஸ்தனிஸ்லாவ் அடிமட்டம், அதற்கு மேல் ஆன்னா, அதற்கு மேல் விளதீமிர். 1884ல் எழுதிய ஒரு கதையில் பள்ளி ஆசிரியர் ஒருவர், பதக்கம் பார்த்தால் மயங்குகிற பணக்கார வியாபாரியின் விருந்துக்காக நண்பனிடம் ஸ்தனிஸ்லாவை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போகிறார். பந்தியில் எதிரே உடன் வேலை பார்க்கும் பிரெஞ்சு வாத்தியார். மாட்டிக்கொள்ளாமல் இருக்க வலது கையால் மார்பை மறைத்தபடியே உட்கார்ந்திருக்கிறார், சாப்பாடு ஆறுகிறது, கை எடுக்க முடியவில்லை. பார்த்தால் பிரெஞ்சு வாத்தியாரும் வலது கையை எடுக்கவில்லை. அவர் மார்பில் இரவல் ஆன்னா! இருவருக்கும் நிம்மதி. ஆனால் நம்மவருக்கு ஒரே ஒரு வருத்தம்: முன்னாடியே தெரிந்திருந்தால் விளதீமிரை வாங்கி மாட்டியிருக்கலாமே. பதக்க வரிசை தெரியாவிட்டால் அந்தக் கடைசி வரி உப்புச் சப்பில்லாமல் போய்விடும். 1895ல் வந்த 'கழுத்தில் ஆன்னா' தலைப்பும் அப்படித்தான். இரண்டாம் வகுப்பு ஆன்னாவைக் கழுத்தில் தொங்கவிடுவார்கள், கதாநாயகியின் பெயரும் ஆன்னா, அவளைக் கட்டிய அதிகாரிக்கு ரெண்டும் கழுத்துச் சுமை. பதக்கம் கிடைத்ததும் அவர் மேதகையீரிடம், இனி ஒரு குட்டி விளதீமிரையும் எதிர்பார்க்கிறேன், ஞானத்தந்தையாக இருப்பீர்களா என்று சிலேடையில் அடுத்த பதக்கத்துக்கு மனுப் போடுகிறார். 1887ல் எழுதிய இன்னொன்றில் ஒரு நகரத் தலைவர் பாரசீகப் பதக்கத்துக்காக அலைந்து, வாங்கி, உறையும் குளிரில் மேல்கோட்டைத் திறந்துபோட்டுக்கொண்டு திரிகிறார், பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அடுத்து செர்பியப் பதக்கம்.

படியே இல்லாத வியாதியையும் செகாவ் விடவில்லை. 1886ல் எழுதிய கதை ஒன்று, முதல் வகுப்பு ரயில் பயணத்தில் ஒரு பொறியாளர் புலம்புவது. பாலம் பாலமாகக் கட்டியிருக்கிறேன், ஊர்களுக்குக் குடிநீர்க் குழாய் போட்டிருக்கிறேன், ஒரு நாய்க்கு என் பெயர் தெரியாது. நான் கட்டிய பாலத்தின் திறப்பு விழாவிலேயே கூட்டம் முழுக்க என்னோடு வந்த சுமாரான பாடகியைப் பற்றித்தான் பேசியது. எதிரே இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று தன் பெயரைச் சொல்கிறார். பொறியாளர் கேள்விப்பட்டதில்லை. அவர் பல்லாண்டு கற்பித்த பேராசிரியர், கல்விக்கழக உறுப்பினர், நூல்கள் எழுதியவர். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். செகாவின் அங்கதக் கதைகளில் பெருமைக்காரர்கள் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொள்கிற இடம் அபூர்வம், அதனாலேயே எனக்கு இது தனியாக நிற்கிறது. பொறியாளர் புகார் சொல்வது உலகத்தைப் பற்றி. ஆனால் அவரும் அதே உலகம்தான், பேராசிரியர் பெயர் அவருக்கும் தெரியவில்லை.

செர்வியாகோவிடம் திரும்பிப் போனால் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது. அவன் வேலை 'எக்ஸெகூத்தர்', அலுவலகக் கட்டடம், சிப்பந்திகள், ஒழுங்கு இதையெல்லாம் பார்த்துக்கொள்கிறவன். கோகோலின் கவல்யோவ் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்ததே துணை ஆளுநர் பதவி தேடித்தான், அது கிடைக்காவிட்டால் நல்ல இலாகாவில் எக்ஸெகூத்தர் வேலையாவது கிடைக்கட்டும் என்று. ஒருவன் கனவு கண்ட நாற்காலியில் சுமார் 50 வருஷம் கழித்து இன்னொருவன் உட்கார்ந்து தும்மியிருக்கிறான்.

செகாவின் தாத்தா பண்ணையடிமை, 1841ல் பணம் கட்டிக் குடும்பத்தோடு விடுதலை வாங்கியவர். பேரன், தான் குடியிருந்த மெலிஹவாவின் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடங்கள் கட்ட அலைந்தார், செலவும் செய்தார். அதற்காக 1899ல் அரசாங்கம் அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தது. ஸ்தனிஸ்லாவ், மூன்றாம் வகுப்பு.